வெர்லின் நகர்த்திய முள்

வருஷத்தின் மூன்றாவது புல் அறுப்புக்கு ஏற்ற வெயில் அடித்த அந்தச் சனிக்கிழமை காலையில், பள்ளத்தாக்கில் ஒரு டிராக்டர்கூடக் கொட்டகையைவிட்டு வெளியே வரவில்லை. ஸ்லோ பார்ஜ் குழுவின் புது ஆல்பம் அன்றைக்குத்தான் முதன்முதலாக வானொலியில் வருகிறது. ஓரின் தன் மதுக்கடையைக் காலையிலேயே திறந்து, ரேடியோவை ஐஸ் பெட்டிமேல் தூக்கி வைத்துவிட்டு, வந்தவர்களுக்கெல்லாம் பொரித்த சீஸ் உருண்டைகளைத் தட்டில் கொட்டிக்கொண்டிருந்தான்.

ஸ்லோ பார்ஜ்காரர்கள் நான்கு பேரும் மிசிசிப்பிக் கரையில், இதே விஸ்கான்சின் மண்ணில் பிறந்து வளர்ந்தவர்கள். பாட்டன் காலத்துப் பிடில் பாட்டையும் ராக் இசையையும் ஒன்றாகப் பிசைந்து அவர்கள் பாடினால், மாட்டுக் கொட்டகையில் நிற்பவனும் தாளம் போடுவான். பல வருஷமாகப் புதிதாக ஒன்றும் வரவில்லை. பாடகி பிரிந்துவிட்டாள், டிரம் வாசிப்பவன் குடியில் விழுந்துவிட்டான் என்று ஊர் ஆளுக்கொன்று பேசியது. இப்போது ‘தேர்ட் கட்டிங்’ என்று புல் அறுப்பின் பெயரையே வைத்து ஓர் ஆல்பம் வந்திருக்கிறது. பெரிய ஊர் நிலையங்கள் கேட்டும் கொடுக்காமல், முதல் இசைத்தட்டை வெர்லினுக்குத்தான் அனுப்பியிருந்தார்கள்.

வெர்லின் ஹவுக்ஸ்டாட் பாதி வாழ்நாளை மரம் அறுக்கும் ஆலையில் கழித்துவிட்டு ஓய்வுபெற்றவர். பழைய வெண்ணெய் ஆலையின் மாடியில் இயங்கும் ஊர் வானொலியில், சம்பளம் இல்லாமல், சனிக்கிழமை நிகழ்ச்சியை நடத்திவருபவர். ஸ்லோ பார்ஜின் முதல் கேசட்டை நாய்கூடச் சீண்டாத நாளில், அதை வாரம் தவறாமல் போட்டுப் போட்டே ஊர்க் காதில் ஏற்றியவர். வந்த தட்டை அவர் முன்கூட்டிக் கேட்கவில்லை. ஊரோடு சேர்ந்துதான் கேட்பது என்று உறையைக்கூடப் பிரிக்காமல் வைத்திருந்தார்.

“இத்தனை வருஷம் காத்துக் கெடந்தோம். இனி நான் பேசப் போறதில்ல. அவங்க பேசட்டும்” என்று மைக்கில் சொல்லிவிட்டு, முள்ளைத் தட்டின்மேல் இறக்கினார்.

ஒன்றும் வரவில்லை.

வெர்லின் காத்திருந்தார். தட்டு சுழன்றது, முள் ஓடியது, ஹெட்போனில் சத்தமே இல்லை. எதிரே இருந்த, ஒலியின் அளவைக் காட்டும் மீட்டர் மட்டும் லேசாக நடுங்கியது. வானொலிக்காரனுக்கு மௌனத்தைவிடப் பெரிய சாவு கிடையாது. எங்கோ வயர் கழன்றிருக்கிறது, அதுதான் மீட்டர் துடிக்கிறது என்று நினைத்து, பின்னால் கைவிட்டுத் துழாவினார். கழுத்தில் வியர்வை இறங்கியது. ஊரே கேட்கிறது. இதற்குமேல் தாங்காது என்று முள்ளைத் தூக்கிச் சற்று உள்ளே தள்ளி வைத்தார். கிடார் கணீரென்று எழுந்தது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தார்.

முதுகு நாற்காலியில் பட்டதும் படாததுமாக டெலிபோன் விளக்குகள் மினுங்க ஆரம்பித்தன.

“வெர்லின்! என்ன காரியம் பண்ணின நீ?” பால் மாடு வளர்க்கும் இங்கா ஸோல்பெர்க். “இப்பத்தான் சொகமா ஆரம்பிச்சுது. அதுக்குள்ள பிடிச்சு இழுத்துட்டியே!”

“எது ஆரம்பிச்சுது? ஒண்ணுமே வரலியே. வயரு கழண்டுடுச்சுன்னு நெனச்சேன்.”

“ஒண்ணுமே வரலியா? சிள்வண்டுய்யா! புல்லுக்காடு மொத்தமும் கத்துற மாதிரி. மின்விசிறிய நிறுத்திட்டுக் கேட்டுட்டிருந்தேன். என் நாய்கூடக் காத நிமித்திடுச்சு.”

ஓரினின் கடையில் குடித்துவிட்டு, எல்லாரும் சேர்ந்து தன்னைக் கிண்டல் செய்கிறார்கள் என்றுதான் வெர்லினுக்கு முதலில் தோன்றியது. ஆனால் நிலையத்தை நிர்வகிக்கும் கார்லாவும் பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் காலையிலிருந்து காப்பி தவிர ஒன்றும் குடிக்கவில்லை.

“நல்லாத்தான வந்துட்டிருந்தது வெர்லின்? எதுக்குத் தாண்டிப் போன?”

“முள்ளுல தூசி” என்றார் அவர்.

அன்று முழுக்க அதையே எல்லாரிடமும் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே அது பொய்யாகப் பட்டது.

அந்த வாரம் அவருக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. தட்டை வீட்டுக்கு எடுத்துவந்து போட்டார். அதே மௌனம், பிறகு கிடார். புது முள் வாங்கி மாட்டினார். பழைய ஹெட்போனைத் தேடி எடுத்தார். பாட்டைப் போனில் இறக்கி, டிரக்கின் ஜன்னல் கண்ணாடிகளை ஏற்றி மூடிக்கொண்டு கேட்டார். மௌனம் தீர்ந்து பாட்டு தொடங்கினாலும் மனசு ஒட்டவில்லை. யாரோ கம்பளியைப் போர்த்திக்கொண்டு பாடுவதுபோல் இருந்தது. பாடகி என்ன சொல்கிறாள் என்றே பிடிபடவில்லை. இத்தனை வருஷம் கழித்து இதையா கொடுத்தார்கள் என்று அவருக்குத் துக்கம்கூட வந்தது.

ஊரோ தலைகால் புரியாமல் ஆடியது. தீவனக் கடைக்குப் போனால் அங்கே மூட்டை தூக்குபவன் இரண்டாவது பாட்டை முனகினான். பெட்ரோல் நிலையத்தில் முன்பின் தெரியாத இருவர், மூன்றாவது பாட்டின் மாண்டலின் உசத்தியா, கடைசிப் பாட்டின் பிடில் உசத்தியா என்று பம்பைப் பிடித்துக்கொண்டே வாதாடினார்கள். வெர்லினின் மனைவி மார்வா வேலை பார்க்கும் பள்ளிச் சமையலறையில், பிள்ளைகள் வரிசையில் நின்றுகொண்டு நாக்கைச் சுழற்றிச் சிள்வண்டு மாதிரி கத்தினார்களாம். எங்கே போனாலும், “உங்களாலதான் அந்தப் பசங்க இந்த நெலமைக்கு வந்தாங்க வெர்லின், என்ன ஒரு ஆல்பம்!” என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த கடைக்குப் போவார். அங்கேயும் அதே கதை. பாதி சாமானை வாங்காமலே வீடு திரும்புவார். வந்ததும், மறந்ததை வாங்க மறுபடி டிரக்கை எடுப்பார்.

வெள்ளிக்கிழமை மீன் விருந்துக்கு மார்வாவும் அவரும் ஓரினின் கடைக்குப் போனார்கள். கடை நிரம்பி வழிந்தது. ஆல்பம் அங்கேயும் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது பாட்டு வந்ததும் ஓரின் மீன் தட்டோடு நின்று கண்ணை மூடிக்கொண்டான். வெர்லினுக்கு அவன் பள்ளிக்காலச் சிநேகிதன்.

“இந்த மாண்டலினக் கேளுடா வெர்லின். தகரக் கூரைல ஆலங்கட்டி விழற மாதிரி!”

“என்ன மாண்டலின்? ஒரு மண்ணும் இல்ல” என்றார் வெர்லின். ஒரு வாரமாக அடக்கி வைத்தது அணை உடைந்து வந்தது. “நீங்கல்லாம் எதக் குடுத்தாலும் கை தட்டுவீங்க. நம்ம ஊர்ப் பசங்கன்னு ஒரு இது. அவங்க சாக்குப்பைக்குள்ள பூந்து பாடினாலும் ஆகா ஓகோம்பீங்க. வெறும் தட்ட சுத்த விட்டா, அதுல சிள்வண்டு கத்துதுன்னு சொல்வீங்க!”

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“மாண்டலின் இல்லியா?” ஓரினின் முகம் சிவந்தது. “காதுல பஞ்சு வெச்சிருக்கியாடா? போன வாரம் எங்க எல்லார் முன்னாலயும் பாட்ட வெட்டிப் போட்ட. இப்ப அவங்க பேரையும் கெடுக்கிற. பொறாம பிடிச்ச கெழவா!”

வெர்லின் எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. மார்வா அதை நிமிர்த்தி வைத்துவிட்டு, தொடாத மீனைப் பொட்டலம் கட்டச் சொன்னாள்.

டிரக்கில் ஏறினார்கள். வீட்டுக்குத் திரும்பும் மண் சாலையில் மார்வா முகத்தை அவர் பக்கம் திருப்பி, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

“வெர்லின், மாண்டலின் இருக்கு. நான் கேட்டேன்.”

“நீயும் அவங்களோட சேந்துட்டியா?”

“நடையில இருக்கிற பொகை அலாரம் பனிக்காலத்துல பேட்டரி தீந்து போயி, நாளெல்லாம் கீச்சு கீச்சுன்னு கத்துச்சு. நீ அதுக்கு நேர் கீழ ஒக்காந்து பேப்பர் படிச்சிட்டிருந்த. நான்தான் நாற்காலி போட்டு ஏறிக் கழட்டினேன்.”

“அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?”

“சொன்னேன். அதுவும் ஒனக்குக் கேக்கல.”

முற்றத்தில் டிரக்கை நிறுத்தியவர் வீட்டுக்குள் போகவில்லை. சூரியன் மேட்டுக்குப் பின்னால் இறங்கியிருந்தது, வானம் இன்னும் வெளுப்பாக இருந்தது. வேலி ஓரம், அறுக்காத புல் இடுப்பளவு நின்ற இடத்துக்கு நடந்தார். தூரத்துச் சாலையில் போன லாரியின் சத்தம் கேட்டது. அடுத்த நிலத்து க்ளைடின் மாடு ஒன்று அடிவயிற்றிலிருந்து கத்தியது கேட்டது. மற்றபடி நிலம் ஊமையாகக் கிடந்தது.

பின்னால் மார்வா வந்து நின்றாள்.

“இப்பக் கத்துதா?” என்று கேட்டார்.

“கத்துது. காதே பிச்சுக்குது.”

அவர் வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டார். சிள்வண்டுகள் செத்துவிட்டன என்றல்லவா நினைத்திருந்தார்! க்ளைட் அடிக்கும் பூச்சி மருந்தில் எல்லாம் பூண்டோடு அழிந்துவிட்டன என்று வானொலியிலேயே மனம் உருகிப் பேசியிருக்கிறார். அதற்காக க்ளைடோடு சண்டை போட்டு, பேச்சுவார்த்தையை நிறுத்தி வருஷக்கணக்காகிறது. அத்தனை கோடையும் அவை இங்கேயே, காலடியில், கத்திக்கொண்டுதான் இருந்திருக்கின்றன. எந்த வருஷம், எந்தச் சாயங்காலம் அவை தன்னைவிட்டுப் போயின என்று யோசித்துப் பார்த்தார். பிடி கிடைக்கவில்லை. ஆலையில் ரம்பம் போடும் கூச்சலுக்குக் காதடைப்பான் கொடுத்தபோது, அது பொம்பளைகளுக்கு என்று சிரித்துக்கொண்டே பையில் போட்டதுதான் ஞாபகம் வந்தது.

“உள்ள வா, மீன் ஆறுது” என்றாள் மார்வா.

“நீ போ. வரேன்.”

அவள் போகவில்லை. கொஞ்ச நேரம் கூடவே நின்றாள்.

மறுநாள் காலை நிலையத்துக்குப் போனதும், நிகழ்ச்சியை வேறு யாரிடமாவது கொடுத்துவிடலாமா என்று கார்லாவிடம் கேட்டார். “மொதல்ல போன வாரத்துக் கடன அடை. அப்புறம் பேசிக்கலாம்” என்று அவள் கதவைச் சாத்திவிட்டாள்.

வெர்லின் மைக் முன்னால் உட்கார்ந்தார். மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“போன வாரம் முள்ளுல தூசின்னு சொன்னேன். தூசி இல்ல. என் காது போயிடுச்சு. மெல்லிசா, உசரத்துல வர்ற சத்தம் எதுவும் எனக்குக் கேக்கல. இந்தத் தட்டோட ஆரம்பத்துல ஏதோ இருக்குன்னு எல்லாரும் சொல்றீங்க. எனக்கு அது இல்ல. ஒங்களுக்கு இருக்கு. இந்தத் தடவ கை வெக்க மாட்டேன். ஓரின், ஒனக்கும்தான். கேளு.”

முள்ளை இறக்கினார். மௌனம் தொடங்கியது. மீட்டர் நடுங்கியது. கை தானாக எழுந்தது, மற்றக் கையால் அதைப் பிடித்துத் தொடைமேல் வைத்தார். எத்தனை நீளம் அது! பள்ளத்தாக்கில் அத்தனை வீட்டிலும் கடையிலும் டிரக்கிலும் ஆட்கள் எதையோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், தான் ஒருவர் மட்டும் கதவுக்கு வெளியே. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கார்லா சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகம் இளகிக்கொண்டே போவதைப் பார்த்து, எங்கே எது ஏறுகிறது என்று ஊகிக்கப் பார்த்தார். கடைசியில் கிடார் வந்தபோது அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

முதலில் மினுங்கிய விளக்கின் அழைப்பை எடுத்தார்.

“க்ளைட் பேசறேன்.” ஒரு கனைப்பு. “அப்ப மருந்தடிச்சு நான் ஒண்ணையும் கொல்லல. அப்படித்தான?”

“அப்படித்தான். வாயக் குடுத்தது என் தப்பு க்ளைட்.”

“இத்தனை வருஷமா என்னைக் கொலகாரன்னு சொல்லிட்டுத் திரிஞ்ச.” மறுபடி ஒரு கனைப்பு. “நல்ல ஆல்பம்யா. எம் பொண்டாட்டி அழுதுட்டா. சரி, வெச்சிடறேன்.”

லா கிராஸ் நகரத்து டாக்டரம்மா, காதுக்குப் பின்னால் மாட்டும் கருவிகளைக் கொடுத்தபோது இலைகள் பழுத்துவிட்டன. அவை ஒரேயடியாகச் சுகம் தரவில்லை. காகிதப் பை நொறுங்குவது இடி மாதிரி விழுந்தது. மார்வா கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தால் பல் கூசியது. தன் செருப்பு இவ்வளவு சத்தம் போடும் என்றே அவருக்குத் தெரியாது. முதல் நாள் இரண்டு தடவை கழற்றி எறிந்தார், இரண்டு தடவையும் மார்வா எடுத்துவந்து மேசைமேல் வைத்தாள். இசை தகர டப்பாவுக்குள் விழுந்தது போல் ஒலித்தது. டாக்டரம்மா சொன்னபடி தினம் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டுப் பழகினார். மாண்டலின் எங்கோ தொலைவில், சன்னமாக வந்து சேர்ந்தது. ஓரின் சொன்ன ஆலங்கட்டி இல்லை, தூறல். அதற்கே அவர் முள்ளைத் தூக்கி, அதே பாட்டை மறுபடி முதலிலிருந்து வைத்தார்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மார்வாவோடு மீன் விருந்துக்குப் போனார். ஓரின் மேசைக்கு வந்து, வழக்கமான பிராந்தியை வைத்துவிட்டு, அவர் காதைக் குனிந்து பார்த்தான்.

“இப்பவாவது ஒத்துக்கிறியா? என்னா ஆல்பம்!”

“மொத பக்கம் தங்கம்டா. ரெண்டாவது பக்கம் இழுக்குது. அந்த அஞ்சாவது பாட்டு எதுக்கு? பாதியில நிறுத்தியிருக்கலாம்.”

“அடப்பாவி! இன்னும் கேக்கலியா ஒனக்கு?”

“நல்லாக் கேக்குது. அதான் சொல்றேன்.”

ஓரின் துண்டைத் தோளில் வீசிக்கொண்டு போய், இசைத்தட்டைப் புரட்டிப் போட்டுச் சத்தத்தை ஏற்றினான். வெர்லின் காதைப் பொத்திக்கொண்டு, குறைடா குறைடா என்று கத்தினார். பக்கத்து மேசைக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டார்கள். மார்வா அவர் தட்டிலிருந்த மீனையும் தன் பக்கம் இழுத்து வைத்துச் சாப்பிட ஆரம்பித்தாள்.