டப்பாவில் கிடந்த இருபத்தெட்டு

ஆஸ்பத்திரி நாற்காலிக்கும் மோட்டார் வைண்டிங்காரர் முதுகுக்கும் என்றைக்கும் ஆகாது. நாலு இரும்பு நாற்காலிகளை ஒரே கம்பியில் பற்றவைத்திருந்தார்கள். ஒருவர் அசைந்தால் நாலு பேரும் ஆட வேண்டும். பக்கத்தில் பேத்தி இருந்ததால் ஒன்றரை மணி நேரமாக வரிசை முழுக்க ஆடிக்கொண்டிருந்தது. பத்து வயசு. வீட்டில் பம்பரம் என்றுதான் கூப்பிடுவார்கள். கடைசி நாற்காலியில் இருந்த அம்மாள் மூன்று தடவை முறைத்துப் பார்த்துவிட்டு, நிற்பதே மேல் என்று எழுந்து போய்விட்டாள்.

"சும்மா இருடி கொஞ்ச நேரம். ஒரு மாசமா மாத்திரை சாப்பிட்டும் இந்த லட்சணமா?" என்றாள் மருமகள்.

வைண்டிங்காரர் கூரையில் ஓடிய மின்விசிறியைப் பார்த்தார். சாப்பிட்டால்தானே, என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

நடந்தது இதுதான். போன மாதம் பள்ளிக்கூடத்திலிருந்து, பிள்ளைக்குக் கவனம் நிற்கிறதா என்று பார்க்கும் ஒரு தாள் வந்தது. பதினெட்டு கேள்வி. ஒவ்வொன்றுக்கும் நாலு கட்டம்: ஒருபோதும் இல்லை, சில சமயம், அடிக்கடி, எப்போதும். 'பொருட்களைத் தொலைக்கிறாளா?' என்ற கேள்விக்கு டீச்சர் 'எப்போதும்' கட்டத்தில் டிக் அடித்திருந்தாள்.

"நானுந்தான் தினம் டெஸ்டரைத் தொலைக்கிறேன். எனக்கும் ஒரு சீட்டு எழுதித் தரச் சொல்லு" என்றார் அவர்.

"மாமா, உங்களுக்கு எல்லாம் விளையாட்டு. ஸ்கூல்ல வாரத்துக்கு ரெண்டு தடவை கூப்பிட்டுப் பேச்சு வாங்குறது நான்."

மகன் வெளியூரில் வேலை பார்க்கிறான். போனிலேயே குடும்பம் நடத்துகிறவன். 'டாக்டர் சொல்றதைச் செய்' என்று இரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டான். டாக்டர் கவனம் நிற்க மாத்திரை எழுதினார், காலையில் ஒன்று. மருமகள் ஏழு மணிக்கே துணிக் கம்பெனிக்குக் கிளம்பிவிடுகிறவள். மாத்திரை கொடுக்கும் வேலை இவர் தலையில் விழுந்தது.

வளர்கிற மண்டைக்குள் கை வைக்க இவர்கள் யார்? பிள்ளை துறுதுறுவென்று இருந்தால் வியாதியா? முதல் நாளே மாத்திரையை எடுத்து, மோட்டாரில் தேய்ந்துபோன கார்பன் கட்டைகளைப் போட்டுவைக்கும் டப்பாவுக்குள் போட்டார். பேத்தி கையில் ஒரு வெள்ளைப் புதினா மிட்டாயை வைத்து, "சப்பாதே, தண்ணியோட முழுங்கு" என்றார். அவளும் முழுங்கினாள். இருபத்தெட்டு நாள், இருபத்தெட்டு மிட்டாய்.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் இவர்கள் முகத்தைவிடக் கம்ப்யூட்டர் முகத்தைத்தான் அதிகம் பார்த்தார்.

"தினமும் குடுக்கிறீங்களா?"

"தவறாம சார்" என்றாள் மருமகள்.

"டீச்சர் ஃபாரத்துல ஒரு மாற்றமும் தெரியலையே. சரி, பத்து மில்லிகிராமை இருபதாக்கிப் பார்க்கலாம்."

வைண்டிங்காரர் நாற்பது வருஷமாக மோட்டார் சுற்றுகிறவர். மோட்டார் ஓடவில்லை என்று யார் வந்தாலும் அவர் முதலில் கேட்பது ஒன்றுதான்: கரண்ட் வருதா? அதைப் பார்க்காமல் உள்ளே சுற்றிய கம்பிக் காயிலைப் பிரிக்கிறவனைக் கடைப்பக்கமே சேர்க்க மாட்டார். இங்கே ஒயரைப் பிடுங்கிவிட்டவரே அவர். பழி மோட்டார் மேல் விழுகிறது. தண்டனையும் அதற்குத்தான், இரண்டு மடங்காக.

டாக்டரின் பேனா தாளைத் தொட்டது.

"எழுதாதீங்க. அவ ஒண்ணுகூடச் சாப்பிடல. நான்தான் குடுக்கல."

மருமகள் மெதுவாகத் திரும்பினாள்.

"என்ன மாமா சொல்றீங்க?"

"டப்பாவுல இருக்கு. இருபத்தெட்டும்."

"அடப்பாவமே! எவ்வளவு பேச்சு வாங்கினேன்! இந்தப் பிள்ளையை எத்தனை நாள் திட்டினேன்! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா கேட்டிருப்பியா?"

"கேட்டிருக்க மாட்டேன்தான்! அதுக்காக?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "பெரியவரே, பிடிக்கலைன்னா நேரா வந்து சண்டை போட்டிருக்கலாம். இப்ப பாருங்க, நான் இருபது எழுதியிருப்பேன். பாப்பாவோட அம்மா வேற யார் கையிலயாவது குடுத்து ஒழுங்கா குடுக்கச் சொல்லியிருந்தா? முதல் மாத்திரையே ரெண்டு மடங்கா உள்ள போயிருக்கும்."

"நீங்க மட்டும் என்ன? அஞ்சு நிமிஷம் பிள்ளையைப் பார்த்தீங்களா? டீச்சர் போட்ட டிக்கைத்தானே பார்த்தீங்க?" என்று எகிறினார். எகிறின குரலிலேயே பாதி பயம் இருந்தது.

டாக்டர் பேத்தி பக்கம் திரும்பினார். "அது மிட்டாய்னு உனக்குத் தெரியுமா?"

"முதல் நாளே தெரியும். ஏப்பம் விட்டா புதினா வாசனை வரும்."

"ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கல." அவள் கால் ஆடிக்கொண்டேயிருந்தது. "போர்டுல எழுதறதை நான் பாதி எழுதறதுக்குள்ள மிஸ் அழிச்சிடறாங்க. தினமும். மாத்திரை போட்டா முழுசா எழுத முடியும்னு அம்மா சொன்னா. முடியுதான்னு பாக்கணும்னு இருந்தேன். தாத்தா மிட்டாய் குடுத்துட்டார்."

பதினெட்டு கேள்வியில் ஒன்றுகூட இதைக் கேட்கவில்லை. வைண்டிங்காரரும் கேட்கவில்லை.

டாக்டர் பழைய பத்தையே எழுதினார். எடை பார்த்துக் குறித்துக்கொண்டார். பசி குறையலாம், தூக்கம் தள்ளிப்போகலாம், ஒத்துக்கொள்ளாவிட்டால் நிறுத்திவிடலாம் என்றார். போன தடவை இதையெல்லாம் சொன்னாரா என்று மருமகளுக்கு ஞாபகமில்லை. சொன்னேன் என்றார் டாக்டர். அதற்கும் ஒரு சண்டை நடந்தது.

மறுநாள் மருமகள் ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டுவிட்டு எதிரே நின்றாள், போலீஸ் மாதிரி. பேத்தி நிஜ மாத்திரையை முழுங்கி நாக்கை நீட்டிக் காட்டினாள். அப்புறம் தாத்தாவிடம் கையை நீட்டினாள்.

"என்ன?"

"மிட்டாய்."

கொடுத்தார்.

அன்றைக்குக் கடையில் ஒரு காயிலும் உருப்படியாகச் சுற்றவில்லை. சுற்று எண்ணிக்கை விட்டுப்போய் மூன்று தடவை அவிழ்த்தார். நாலு மணிக்குப் பை தோளில் இடிக்கப் பேத்தி வந்து நின்றாள். ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தாள். அதுவே அவருக்கு என்னவோபோல் இருந்தது.

"போர்டு?"

நோட்டை விரித்துக் காட்டினாள். பக்கம் முக்கால்வாசி நிறைந்திருந்தது. கோணல் எழுத்துதான், ஆனால் வரிசை விடவில்லை. அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

டிபன் பாக்ஸை வாங்கித் திறந்தார். காலையில் வைத்தது அப்படியே இருந்தது.

"பசிக்கல தாத்தா."

டாக்டருக்காக வீட்டில் நிரப்ப வேண்டிய ஃபாரத்தை மருமகள் அவர் கடை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தாள். இனி நீங்களே எழுதுங்கள் என்று. வைண்டிங்காரர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாலு கட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நோட்டை ஒரு பக்கம் வைத்தார், டிபன் பாக்ஸை ஒரு பக்கம் வைத்தார்.

"எந்தக் கட்டத்துலடா இதைப் போடறது?" என்று யாரையோ திட்டினார்.

பிறகு கட்டங்களை விட்டுவிட்டு, ஓரத்தில் காலியாக இருந்த இடத்தில், எழுத்துக் கூட்டிக் கூட்டி எழுத ஆரம்பித்தார்: எழுதினாள். சாப்பிடவில்லை. இரண்டையும் பார்க்கவும்.