வைக்கோலுக்கு அடியில் ஓடு

பாடைக்கு வைக்கோல் உருவப் போன குப்பண்ணன் மாட்டுக் கட்டுத்தறையிலிருந்தே தங்கையைக் கூப்பிட்டுக் கத்தினார். "அம்மிணி, இங்க வா!"

பூவாத்தாள் அழுகையை நிறுத்திவிட்டு ஓடினாள். வைக்கோல் போருக்கு அடியில் அடுக்கடுக்காய்க் கூரை ஓடு. பாதிக் கூரைக்கு ஆகும்.

"மாப்பிள்ளை இதை எந்த ஊட்டுக்கு வாங்கி ஒளிச்சு வெச்சாரு?" அண்ணன் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

அவளுக்குச் சட்டென்று நினைவு வந்தது. போன கோடையில் மாடு பார்க்க என்று புருசன் சென்னியப்பன் அடிக்கடி பாலக்காட்டுப் பக்கம் போனார். ஒரு மாடும் வரவில்லை. அடப்பாவி மனுசா, அங்கே எவளுக்குக் கூரை போடப் பார்த்தாய்? விடிகாலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவரிடம் இனி எதைக் கேட்பது? திரும்பி வந்து அவர் தலைமாட்டில் உட்கார்ந்தாள். கண்ணில் பொட்டுத் தண்ணீர் வரவில்லை. ஒப்பாரி வைத்த பெண்கள் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

மழை பிடித்துக்கொண்டது. விரிசல் விட்ட ஓடு ஒன்றிலிருந்து தண்ணீர் நேராகச் சென்னியப்பன் நெற்றியில் சொட்டியது. வருசா வருசம் மழைக்கு முன்னால் அவரே ஏறி மாற்றிவிடுவார். இந்தத் தடவை நெஞ்சுவலி ஏற விடவில்லை.

"இதுக்குத்தான் மொட்டை மாடி போடச் சொன்னேன்" என்றார் குப்பண்ணன். அவர் வீடு சர்க்காரிடம் பெர்மிட் வாங்கிய சிமெண்டில் கட்டிய மொட்டை மாடி வீடு. பூவாத்தாளும் அதையேதான் கேட்டுச் சண்டை பிடித்தாள்.

"கம்பி துருப்பிடிச்சா உங்கண்ணன் மொத்தத்தையும் இடிக்கோணும். இங்க ஒடஞ்ச ஒண்ணை மாத்துனாப் போதும். கட்டறது ஒருக்காத்தான், பாத்துக்கறது ஆயுசுக்கும்" என்பார் சென்னியப்பன்.

"இன்னொரு ஓடு இந்த ஊட்டுக்கு வந்துச்சு, நானே ஒடைப்பேன்!" என்று அவள் ஒருநாள் கத்தினாள். அதற்கப்புறம் அவர் ஓட்டுப் பேச்சே எடுக்கவில்லை.

குப்பண்ணன் பக்கத்து வீட்டு ஓடு ஒன்றை வாங்கிக்கொண்டு ஏறினார். அது பொருந்தவில்லை. இடுக்கில் தண்ணீர் இன்னும் கொட்டியது.

"இதே அச்சு ஓடுதான் வேணும். அந்தப் பாலக்காட்டுக் கம்பெனியத்தான் போன கோடையோட மூடிட்டாங்களே!"

பூவாத்தாள் விருட்டென்று எழுந்தாள். கட்டுத்தறையில் ஓர் ஓட்டை எடுத்துத் திருப்பினாள். அவள் வீட்டு ஓட்டில் இருக்கும் அதே மயில் முத்திரை. அதைக் கொண்டுவந்து கூரை மேலிருந்த அண்ணனிடம் நீட்டினாள். ஓடு டக்கென்று உட்கார்ந்தது. சொட்டுவது நின்றது.

முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்தாள். "சொல்லித் தொலைச்சிருக்கலாமுல்ல?" என்றாள். தான் சொல்ல விட்டால்தானே என்று தோன்றியதும் ஓவென்று உடைந்து அழுதாள்.

பாடை தெருமுனை திரும்பிய பிறகு கட்டுத்தறைக்குப் போனாள். அண்ணன் கலைத்துப் போட்ட வைக்கோலை வாரி, மிச்ச ஓட்டின் மேல் பழையபடி மூடினாள்.