கோட்டையூர்த் தீக்காட்சியும் ஹார்ட் டிஸ்க் பெட்டியும்

என் மனைவி தீபலட்சுமி இறந்துபோய் ஒன்றரை ஆண்டு ஆகிறது. அவளைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவள் பொறுமையைச் சொல்கிறார்கள். பொறுமை அவளிடம் அவ்வளவாகக் கிடையாது. எனக்கு எழுதத் தோன்றுவது கோட்டையூரில் ஒரு சித்திரை மாதச் சாயங்காலத்தைப் பற்றி.

காரைக்குடியில் கல்யாண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுப்பது அவள் தொழில். நான் எலெக்ட்ரீசியன். சினிமாக்காரர்கள் இங்குள்ள பெரிய வீடுகளில் படம் எடுக்க வரும்போது என்னைக் கூப்பிடுவார்கள். கோட்டையூரில் ஒரு பெரிய வீட்டில் எடுத்த படத்தில், காமிரா கார்டில் பதிவானதை ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றும் சென்னை ஆள் காமாலையில் படுத்துவிட்டார். அந்த வேலைக்கு அவளைச் சொல்லிவிட்டது நான்தான்.

கடைசி நாள். வீட்டின் பின்புறம் ஓலையும் மரமுமாகக் கொட்டகை போட்டு எரித்தார்கள். ஒரு தடவைதான் எரிக்க முடியும். மறுநாள் அந்த வீட்டுப் பங்காளிகள் எல்லாரும் முன்னோருக்குப் போடும் படைப்புக்கு வருகிறார்கள். அதற்குள் நாங்கள் கிளம்பிவிட வேண்டும். தீ அடங்கியதும் கார்டு தீபாவின் கைக்கு வந்தது. அவள் அதை மாற்றி முடித்து, கார்டை அழித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வெளிச்சம் போவதற்குள் இன்னொரு காட்சி பாக்கி. வேறு கார்டு இருந்தது. அது காலையிலேயே கெட்டுப்போயிருந்தது.

கார்டைக் கம்ப்யூட்டரில் செருகிக் கால் மணி நேரத்தில் வேகம் விழுந்தது. திரையில் டிஸ்க்கின் சூடு அறுபத்தொன்று என்று காட்டியது. கேபிள் போகும் வழியைப் பிடித்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். நானும் போனேன்.

நான்கு டிஸ்க் போட்ட பெட்டி அது. இரண்டு செங்கலை அடுக்கின உயரம். பின்னால் சின்ன ஃபேன். சாம்பல் பறக்கும் என்று பயந்து, அவள் சாப்பிடப் போன நேரத்தில் மேனேஜர் சதீஷ்குமார் அதைத் தூக்கி வந்து, இரும்புப் பெட்டகத்துக்கும் சுவருக்கும் நடுவே தலையணை மேல் படுக்கவைத்து, வெல்வெட் துணியால் போர்த்தியிருந்தார்.

"தாலாட்டுப் பாடலையா?" என்று கேட்டாள் தீபா.

"அம்மா, அது எங்க எல்லாரோட உசுரு. அதான் பத்திரமா..."

"மூச்சு விடுற ஓட்டையெல்லாம் தலகாணியில அமுங்கிக் கெடக்கு. பத்திரமாத்தான் வச்சிருக்கீக."

மாற்றுவதை நிறுத்தினாள். பெட்டியை முறைப்படி அணைத்தாள். நான் தூக்கப் போனபோது கையைத் தட்டிவிட்டாள். உள்ளே டிஸ்க் சுற்றி ஓயட்டும், சுற்றும்போது அசைக்கக் கூடாது என்றாள். சதீஷ்குமார் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் பெட்டியின் மேல் விரல் வைத்துக் காத்திருந்தாள்.

முன்கட்டில், வளவு முற்றத்துக்கும் வாசலுக்கும் நடுவே காற்று நேராக ஓடும் நடையில் ஒரு தேக்கு மேசை கிடந்தது. வெயிலும் சாம்பலும் வராத இடம். பெட்டியை அதன் ரப்பர் காலில் நிமிர்த்தி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தாள். யாரும் தடுக்கிவிடாதபடி கேபிளை மேசைக் காலோடு கட்டிவிட்டுப் பெட்டியை மறுபடி போட்டாள்.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் சேவுகப்பெருமாள் ஈரச் சாக்கோடு ஓடி வந்தார். "பானைக்குச் சுத்துற மாதிரி இதச் சுத்தி விடுவமா தாயி? நிமிசத்துல குளுந்துரும்."

"அண்ணே, உள்ள ஈரம் எறங்குச்சுன்னா பெட்டி ஒரேயடியாக் குளுந்துரும். அங்குட்டுக் கொண்டு போங்க."

என் பங்குக்கு நான் டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து அதே மேசையில், பெட்டியின் முதுகுக்கு நேராக வைத்து முழு வேகத்தில் போட்டேன். சூடு இரண்டு டிகிரி ஏறியது.

"அது அனலப் பின்னாடி தள்ளுது. நீங்க அதையே திருப்பி உள்ள ஊதுறீக" என்றாள். "மேசையும் சேந்து நடுங்குது. இருபத்தாறு வருசமா ஃபேன் மாட்டுறீகளே, யாரு வீட்டுக்கு?"

சேவுகப்பெருமாள் சாக்கால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். ஃபேனை எடுத்துத் தனி முக்காலியில், பெட்டிக்கு முன்பக்கம் வைத்தேன். ஐம்பத்தைந்து, ஐம்பது, நாற்பத்துநான்கு. அதற்குப் பிறகுதான் மறுபடி மாற்றத் தொடங்கினாள்.

ஐந்து மணிக்கு, "அதான் நூறுன்னு காட்டிருச்சே, கார்டைக் குடுங்க" என்றார் சதீஷ்குமார்.

"போய்ச் சேந்துருச்சுன்னு காட்டுது. சரியாச் சேந்துச்சான்னு ஒத்துப் பாக்கணும். அர மணி ஆகும்."

வெளியே மொத்தக் குழுவும் சும்மா நின்றது. கடைசியில் இயக்குநரே வந்துவிட்டார். என் சொல்லை நம்பித்தான் அவளை வேலைக்கு எடுத்திருந்தார்கள்.

"இப்பவே வேணுமின்னா எடுத்துக்கங்க, சார்" என்றாள் தீபா, எழுந்திருக்காமல். "ஆனா அழிக்கிறத நீங்க உங்க கையால அழிச்சுக்கங்க. நான் அழிக்க மாட்டேன்."

அவர் கார்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

கார்டில் பதினான்கு வீடியோத் துண்டுகள். எட்டு வரை பச்சை. ஒன்பதாவது சிவப்பாக வந்தது. தலையணையில் வெந்துகொண்டிருந்தபோது எழுதப்பட்ட துண்டு அது. கார்டிலிருந்து அதைத் திறந்து காட்டினாள்: கூரை எரிந்து உள்ளே விழுகிறது, பொறிகள் மேலே போகின்றன. பெட்டியிலிருந்த நகலில் அதே இடத்தில் வெறும் சாம்பல் நிறக் கட்டங்கள்.

அவள் அதை மட்டும் மீண்டும் மாற்றி, மீண்டும் ஒத்துப் பார்த்தாள். பச்சை. மிச்சத் துண்டுகளும் பச்சை. ஐந்தே முக்காலுக்குக் கார்டை அழித்து இயக்குநர் கையில் கொடுத்தாள்.

"வெளிச்சம் இருக்கு. போய் எடுங்க."

அவர் எழுந்து நின்று இரண்டு கைகளாலும் வாங்கினார். நான் பார்த்தேன். சேவுகப்பெருமாளும் பார்த்தார்.

சாமான்களை ஏற்றும்போது சதீஷ்குமார் வந்தார். "அடுத்த ஷெட்யூல் சிவகங்கையில, அம்மா. நீங்களே வந்துருங்க."

"மேசை எங்க போடணுமின்னு நான்தான் சொல்லுவேன்."

"சரிம்மா."

"நான் சாப்பிடப் போனா யாரும் கிட்ட வரக் கூடாது."

"சரிம்மா."

"அப்ப வாரேன்."

சிவகங்கைக்கு நானும் போனேன். இந்த முறை அவளுடைய சிபாரிசில்.