மேலே வரும் வேகம்

“கீழ போறது யாருக்கும் வரும். மேல வரும்போதுதான் கவனம்,” என்றாள் டெல்மிரா. “உங்க மூச்சுக் குமிழியை முந்திக்கிட்டு நீங்க போகக் கூடாது. நான் கை காட்டுற இடத்துல கயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சும்மா தொங்கணும். போரடிக்கும், பரவாயில்ல.”

படகுத்துறைப் பலகையில் உட்கார்ந்திருந்த விருந்தாளிகள் சிரித்தார்கள். விடுமுறையின் முதல் நாள். எல்லார் மேலும் வெயில் களிம்பின் வாசம். டொரோன்டோவிலிருந்து வந்திருந்த பல் டாக்டரம்மாள் கையைத் தூக்கினாள்.

“அவசரமா வந்துட்டா என்ன ஆகும்?”

இந்தக் கேள்விக்கு டெல்மிரா சோடா பாட்டிலைக் குலுக்கித் திறந்து காட்டுவது வழக்கம். நுரை பொங்கி வழியும். ரத்தத்திலும் இப்படித்தான் என்பாள். இன்றைக்கும் பாட்டில் கையில்தான் இருந்தது, மூடியைத் திருக மனம் வரவில்லை. பாதாம் மரத்தடியில், சக்கர நாற்காலியில், தம்பி நோர்வின் இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்னைக் காட்டுக்கா,” என்று தங்கள் ஊர் மிஸ்கிட்டோ மொழியில் கத்தினான். “சோடாவாவது மிச்சமாகும்.”

விருந்தாளிகளுக்கு அது புரியவில்லை. டாக்டரம்மாள் அவனைப் பார்த்துக் கையசைத்தாள். அவனும் அசைத்தான். டெல்மிரா பாட்டிலைத் திறந்தாள்.

ரோவாத்தான் தீவுக்கு அவள் வந்தது இந்த டைவிங் கடையில் சமைக்க. தண்ணீருக்கு அடியில் போகக் கற்றுக்கொண்டது பிறகு. நோர்வினுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. ஊரில் மீசை அரும்பியவர்கள் எல்லாரும் மூழ்கிச் சிங்கி இறால் பிடிக்கும் படகில் ஏறினார்கள், அவனும் ஏறினான். சிலிண்டரில் காற்று எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் முள்கூட அந்தப் படகில் கிடையாது. இழுக்கும்போது மூச்சு கனத்தால் காற்று தீர்ந்தது என்று அர்த்தம், விருட்டென்று மேலே வரவேண்டியதுதான். ஒருமுறை ஊருக்குப் போனபோது அவள் கயிறு, நிதானம் என்றெல்லாம் எடுத்துச் சொன்னாள். “கயித்துல தொங்கிக்கிட்டு வேடிக்கை பாக்க நான் என்ன டூரிஸ்டாக்கா?” என்று கேட்டுவிட்டு, தட்டிலிருந்த வாழைக்காய்க் கூழை வழித்து நக்கினான்.

ஒருநாள் அப்படி விருட்டென்று மேலே வந்தவனுக்கு இடுப்புக்குக் கீழே மரத்துப்போன பிறகும் படகு கரைக்குத் திரும்பவில்லை. குளிர்பெட்டி நிறையவில்லை என்றார் கேப்டன். இந்த மாதிரி அடிபட்டவர்களுக்குச் சிகிச்சை தரும் இந்தத் தீவின் அழுத்த அறைக்கு அவனை அவள் கொண்டுவந்து சேர்த்தபோது காலம் கடந்திருந்தது. அந்த இரும்புக் குழாய்க்குள் படுத்துப் படுத்து எழுந்ததில் ஒரு கட்டைவிரல் மட்டும் லேசாக அசைந்தது. நேற்று டாக்டர் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அம்மா போனில் அழுதாள். லிவா மைரினின் கோபம் என்றாள், கடலுக்குள் இருக்கும் அந்தப் பெண் தன் இறாலை அளவுக்கு மீறி அள்ளுகிறவனைச் சும்மா விடமாட்டாளாம். டெல்மிரா மறுத்துப் பேசவில்லை. கேப்டன் மேல் கோபப்படுவதைவிட அம்மாவுக்கு அது சுலபமாக இருந்தது.

இன்றைக்கு விருந்தாளிகளோடு இறங்கியபோது தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. விசிறிப் பவளங்கள் ஆடின, கிளிமீன்கள் பாறையைக் கொறிக்கும் சத்தம் கேட்டது. டாக்டரம்மாள் ஒரு பொந்தைப் பார்த்துவிட்டுப் பரபரத்துக் கை காட்டினாள். உள்ளே ஒரு பெரிய சிங்கி இறால், மீசைகள் மட்டும் வெளியே துழாவிக்கொண்டிருந்தன. அந்தம்மாள் சந்தோஷம் தாங்காமல் தண்ணீருக்குள்ளேயே கை தட்டினாள். டெல்மிராவும் பெருவிரலையும் சுட்டுவிரலையும் வளைத்து, அருமை என்று காட்டினாள். மேலே வரும்போது எல்லாரும் அவள் சொன்னபடியே கயிற்றைப் பிடித்துக்கொண்டு, துவைத்துக் காயப்போட்ட துணிபோல வரிசையாகத் தொங்கினார்கள். ஒருவர் கொட்டாவி விட்டார். வாயிலிருந்த காற்றுக் குழாயைக் கடித்துக்கொண்டே டெல்மிரா அழுதாள். முகமூடிக்குள் அது யாருக்கும் தெரியாது.

மதியம் விருந்தாளிகள் சாப்பிடப் போன பிறகு, “என்னைத் தண்ணியில இறக்கி விடு,” என்றான் நோர்வின்.

“டாக்டர் கூடாதுன்னாரு.”

“அவரு இனிமே வராதன்னும் சொன்னாரு. எதைக் கேக்குறது?”

படகோட்டி எல்டன் தோளைப் பிடிக்க, அவள் காலைப் பிடிக்க, துறையின் படிக்கட்டு வழியாக இறக்கினார்கள். எல்டன் போய்விட்டான். மார்பளவுத் தண்ணீரில் நின்று, அவன் முதுகுக்கு அடியில் கை கொடுத்து மிதக்கவிட்டாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். முகத்தின் இறுக்கம் தளர்ந்தது. சின்னக் குழந்தையின் எடைதான் இருந்தது.

“என் பையன் படகுல ஏறிட்டான்க்கா,” என்றான், கண்ணைத் திறக்காமலே.

டெல்மிரா அவன் முகத்தை நோக்கிக் குனிந்தாள். “எந்தப் படகுல?”

“நான் போனதுலதான். அதே கேப்டன். என் மாஸ்க், என் ஃபின் எல்லாத்தையும் அவனே எடுத்துக்கிட்டானாம். அளவு சரியா இருக்குதாம். அவங்கம்மா காலையில போன்ல சொன்னா.”

“நீ வேணாம்னு சொல்லலையாடா?”

“முன்னமே சொன்னேன். வீட்டுல எல்லாரும் எதைத் திங்கிறதுன்னு கேட்டான்.” கையால் தண்ணீரை அளைந்தான். “எந்தக் காலை வச்சுக்கா நான் குறுக்க நிக்க?”

“கூப்பிடுறேன். கயிறு பத்திச் சொல்றேன். மெதுவா வரச் சொல்றேன்.”

“நடுக்கடல்ல எங்க போன் கிடைக்கும்?”

அவளுக்கும் அது தெரியும். கூழைக்கடா ஒன்று துறைக்கம்பத்திலிருந்து இறங்கி, தண்ணீரைத் தொடாமல் தாழப் பறந்து போனது. சாப்பாட்டுக் கூடத்தில் யாரோ பெரிதாகச் சிரித்தார்கள்.

“ஏறலாமாடா? தோல் ஊறிடும்.”

“இன்னும் கொஞ்சம் இருக்கேன்க்கா. இங்க உடம்பு கனமே தெரியல.”

அப்போது வேறொரு கடையின் டைவிங் படகு வளைகுடாவுக்குள் வேகமாக நுழைந்து திரும்பியது. அதன் அலை கரைநோக்கி வந்து, நோர்வினுடைய கால்களைத் தூக்கியது, இறக்கியது, மறுபடி தூக்கியது. இரண்டு பாதங்களும் ஒன்று மாற்றி ஒன்றாகத் தண்ணீரை உதைப்பதுபோல அசைந்தன. அவன் தலையை நிமிர்த்திப் பார்த்தான். அவளும் பார்த்தாள். அலை சின்னதாகிக்கொண்டே வந்து அடங்கும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.