முன்வரிசைக் கண்ணாடிகள்

டொலிடோ நகரில் எங்கள் பழைய கார் சங்கத்துக்கு காஸ் வோய்தாஸ் தலைவராக இருந்தபோது ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருந்தார். தொழிற்சாலையிலிருந்து வந்த மாதிரியே இருக்கும் வண்டிதான் கண்காட்சியில் முன்வரிசையில் நிற்கலாம். கொஞ்சம் மாற்றியிருந்தாலும் பின்வரிசை, வேலியோரம்.

டர்வுட் பெட்டிட்டின் ஃபோர்டு கேலக்ஸி அப்படித்தான் வேலியோரம் போனது. டர்வுட்டுக்கு மணிக்கட்டு இரண்டிலும் மூட்டுவாதம். ஜன்னல் கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடியைச் சுற்ற முடியாமல் கதவுக்குள் மோட்டார் வைத்து, பட்டனை அழுத்தினால் போதும் என்று ஆக்கிக்கொண்டார். காஸ் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "நல்லாத்தான் இருக்கு டர்வுட். ஆனா இது அறுபத்தி நாலு மாடல் இல்லையே" என்றார். டர்வுட் வண்டியைப் பின்னால் எடுத்தார்.

அந்தக் குளிர்காலத்தில் காஸ் வாசல் பனியில் வழுக்கி விழுந்தார். இடது தோளில் அறுவை சிகிச்சை. வசந்தத்தில் தன் இம்பாலா காரை வெளியே எடுத்தபோது, ஜன்னல் கைப்பிடியைச் சுற்றக் கை பாதிச் சுற்றுக்கு மேல் போகவில்லை. காரில் இருந்தபடியே காபி வாங்கும் கடையில், ஜன்னலைத் திறக்க முடியாமல் கதவையே திறந்து கையை நீட்டினார். பக்கத்தில் இருந்த மனைவி லொரெய்ன் இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"கதவைத் தொறந்து காபி வாங்குறது மட்டும் ஒரிஜினலா? பேசாம மோட்டார் போடு காஸ். எங்க போட்டான்னு டர்வுட்டைக் கேளு."

டர்வுட்டைக் கேட்பதற்குப் பதில் அவர் காபியையே விட்டிருப்பார். யாருக்கும் சொல்லாமல் மாநில எல்லை தாண்டி மிச்சிகனில், டெல்ஃபின் சாசேடோ என்ற பெண்ணின் பட்டறைக்குப் போனார். அவள் ஒரு உபாயம் வைத்திருந்தாள். பழைய கைப்பிடி அதே இடத்தில் இருக்கும், ஆனால் சுற்றாது. மேலே லேசாகத் தள்ளினால் கண்ணாடி ஏறும், கீழே தள்ளினால் இறங்கும். பார்க்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாது. மோட்டார் சத்தம் கேட்குமா என்று காஸ் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்ளச் சொன்னாளாம்.

அடுத்த கூட்டத்துக்கு இம்பாலா பேஸ்பால் வர்ணனையை அலறவிட்டபடி வந்தது. காஸ் எங்கள் முன்னால் நிறுத்தி, முழங்கையை வட்டமாக ஆட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணாடியை இறக்கினார். தோளை அறுத்துத் தைத்த மனுஷன் என்று எல்லோரும் கைதட்டினோம். நானும்தான். லொரெய்ன் மட்டும் நேரே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று எங்கள் எல்லோரையும்விட உருகியது டர்வுட். வீட்டுக்குப் போய் மோட்டார்களைக் கழற்றி எறிந்துவிட்டு, கைப்பிடிகளைத் திரும்ப மாட்டினார். அதைச் சொல்வதற்கென்றே காஸின் வீட்டைத் தேடிப் போனார். "உன்னைப் பார்த்துத்தான் ரோஷம் வந்துச்சு. வலிக்குது. வலிக்கட்டும்" என்றார். காஸ், நல்ல காரியம் செய்தாய் என்று சொல்லி, முன்வரிசையில் தன் வண்டிக்குப் பக்கத்திலேயே இடம் கொடுத்தார்.

ஆகஸ்டில் கண்காட்சி. காலையிலிருந்து ஜன்னல்கள் இறங்கியிருந்தன, இம்பாலாவில் ரேடியோ ஓடிக்கொண்டே இருந்தது. மதியத்துக்கு மேல் வானம் கறுத்து, சடசடவென்று கொட்டியது. எல்லோரும் ஓடிப்போய்க் கண்ணாடியை ஏற்றினோம். டர்வுட்டும் முகத்தைச் சுளித்துச் சுளித்து நான்கையும் ஏற்றிவிட்டார். காஸ் கைப்பிடியைத் தள்ளினார். ஒன்றும் நடக்கவில்லை. ரேடியோ பேட்டரியை உறிஞ்சித் தீர்த்திருந்தது. வெள்ளை இருக்கைமேல் மழை ஊற்ற, அவர் தள்ளிக்கொண்டே இருந்தார்.

"தோள் பிடிச்சுக்கிச்சா? நகரு, நான் சுத்துறேன்" என்று டர்வுட் உள்ளே குனிந்து, அந்த மூட்டுவாதக் கையால் முழு பலத்தையும் கொடுத்துச் சுற்றினார். கைப்பிடி பட்டென்று ஒடிந்து கையோடு வந்தது. பின்னால் இரண்டு ஒயர்கள் தொங்கின.

டர்வுட் ஒயர்களைப் பார்த்தார். "எப்பலேர்ந்து?"

"வசந்தத்துலேர்ந்து."

"நான் மோட்டாரைக் கழட்டிட்டேன்னு சொல்ல வந்தப்பவுமா?"

"அப்பவும்தான்" என்றாள் குடைக்குள்ளிருந்த லொரெய்ன்.

டர்வுட் திட்டவில்லை. கைப்பிடியை நனைந்த இருக்கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அதுதான் காஸுக்குத் தாங்கவில்லை. அந்த வாரமே தலைவர் பதவியை விட்டார். நாங்கள் ஒருமனதாக டர்வுட்டைத் தேர்ந்தெடுத்தோம். அடிபட்டவர், முன்வரிசைச் சட்டத்தை முதலில் தூக்கிவிடுவார் என்று எண்ணினோம். அவருக்காகவே நான் அதைக் கூட்டத்தில் எழுப்பினேன்.

"நான் இந்தக் கையை வெச்சுக்கிட்டு சுத்துறேன். மத்தவனுக்கு மட்டும் சும்மாவா?" என்றார்.

இப்போது அவர் டார்ச்சோடு வருகிறார். கதவில் காதை வைத்துக் கேட்கிறார், ரேடியோவை அணைக்கச் சொல்கிறார். போன மாதம் என் வண்டியையும் வேலியோரம் அனுப்பினார், வைப்பர் மோட்டார் புதுசு என்று. போய், அங்கே ஏற்கெனவே நின்ற காஸின் இம்பாலாவுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். அங்கே மரநிழல் இருந்தது. லொரெய்ன் ஜன்னலை இறக்கி, சாண்ட்விச் வேண்டுமா என்று கேட்டாள்.