பெயர் கூப்பிடும் ஞாயிறு

றொபேட் அங்கிள் எங்கள் வீட்டுக்கு வந்தால் அம்மா இரண்டு கோப்பை தேத்தண்ணி வைப்பார். ஒன்றை அவர் குடிப்பார். மற்றது பக்கத்து நாற்காலியின் முன்னால் ஆறிக்கொண்டிருக்கும். அது டுவைட்டுக்கு. டுவைட் வியட்னாம் போரில் செத்துப்போனவர். சின்ன வயதில் இது எனக்குப் புதினமாகத் தெரியவில்லை. மற்ற வீடுகளில் வந்தவருக்கு மட்டும்தான் தேத்தண்ணி கொடுப்பார்கள் என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

அவர் அலபாமாவில் பிறந்த கறுப்பர். தகப்பனை வாக்குப்போட விடாத ஊரிலிருந்து இருபது வயதில் போருக்கு அனுப்பப்பட்டவர். பிறகு ஜெர்மனியில் இராணுவ முகாம். அங்கே சந்தித்த டேனிஷ் பெண்ணைக் கட்டிக்கொண்டு டென்மார்க்கின் இக்காஸ்டுக்கு வந்தார். பின்னல் ஆலையில் வேலை. எங்கள் ஆட்கள் அகதிகளாக வந்து அதே ஆலையில் சேர்ந்தபோது தொழிலாளர் பிரதிநிதி அவர்தான். தமிழ்ப் பொடியன்களை முகமூடி இல்லாமல் சாயத் தொட்டிகளுக்கு அனுப்பியதற்காக ஒரு நாள் முழுவதும் மெஷின்களை நிறுத்திவைத்தார். பிள்ளை பெற நேரமான பெண்களைத் தன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நானும் அந்தக் காரில் போனவள்தான், அம்மாவின் வயிற்றில். நகரசபையான கொமூனோடு இழுபறிப்பட்டு எங்கள் குடியிருப்புக்கு ஒரு பொதுமண்டபம் வாங்கித் தந்தவரும் அவரே.

பெயர் கூப்பிடும் வழக்கம் அந்த ஆலையில்தான் தொடங்கியது. முதல் குளிர்காலத்தில் வேலை முடிந்து திரும்பிய வான் ஒருவரை மறந்து விட்டுவிட்டு வந்துவிட்டது. அவர் பனியில் நின்று ஒரு கால்விரலை இழந்தார். மறுநாளிலிருந்து றொபேட் அங்கிள் வானின் வாசலில் நின்று பெயர் கூப்பிட்டார். "ஓம்" என்று பதில் சொன்னால்தான் ஏறலாம். எல்லாரும் பதில் சொன்ன பிறகுதான் வான் போகும்.

வான் ஓட்டம் நின்ற பிறகும் வழக்கம் போகவில்லை. வருடத்துக்கு ஒருமுறை, கிறிஸ்மஸுக்கு நாலு ஞாயிறு முந்தி, நத்தார் காலம் தொடங்கும் பின்னேரம், பொதுமண்டபத்தில் அதே பெயர்களைக் கூப்பிடுவார். கடைசியாகத் தன் பெயரையும் கூப்பிட்டுத் தானே பதில் சொல்லுவார். அவருக்கு அந்தச் சொல் சுருக்கமாக வராது. மூக்கால் இழுத்து, "ஓஓ...ம்" என்பார்.

"அண்ணை, நாங்கள் பெந்தெகொஸ்தேக்காரர். நீங்கள் கோயில் ஐயர் மாதிரிச் சொல்லுறியள். பாஸ்டர் கேட்டால் எங்களை வெளியில விட்டிடுவார்" என்று அந்தோனிதாசன் மாமா ஒவ்வொரு வருடமும் பகிடி விடுவார். ஒவ்வொரு வருடமும் எல்லாரும் சிரிப்பார்கள்.

அந்த வருடம் யாராவது இறந்திருந்தால் அவருடைய பெயரை மூன்று முறை கூப்பிடுவார். அது அமெரிக்கப் படையின் வழக்கம். மூன்று முறையும் பதில் வராவிட்டால் அந்த ஆள் போகலாம். அதற்குப் பிறகு அந்தப் பெயர் கூப்பிடப்படாது.

எனக்குப் பதினைந்து வயதில் அப்பா இறந்தார். இரவு வேலை முடித்து, ஆலையின் சைக்கிள் கொட்டகையில் விழுந்துவிட்டார். இதயம். வீட்டுத் திறப்புச் சாவி கையில் இருந்தது.

அந்த ஞாயிறு றொபேட் அங்கிள் "ஜெபநேசன்" என்று கூப்பிட்டார். இரண்டாம் முறை கூப்பிட்டார். மூன்றாம் முறை கூப்பிட்டபோது அம்மா, "ஓம்" என்றுவிட்டார்.

அம்மாவில் குற்றமில்லை. அவர் அப்பாவின் பெயரை ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. யாராவது வாசலில் நின்று அந்தப் பெயரைக் கூப்பிட்டால், "ஓம், ஆரது?" என்று கேட்டுக்கொண்டு வெளியே வருவதுதான் அவர் கல்யாணமான நாளிலிருந்து செய்தது. வாய் பழகிவிட்டது. மண்டபத்தில் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. றொபேட் அங்கிள் மட்டும் வெகுநேரம் அம்மாவையே பார்த்தார். பிறகு அடுத்த பெயருக்குப் போனார்.

மறுநாள் விடியப்புறம், இரவு வேலை முடிந்து ஆட்கள் வரும் நேரம், எங்கள் கதவுப் பூட்டில் திறப்புத் திரும்பியது. நான் போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை. அம்மா எழும்பிக் கேத்தலைப் போட்டார்.

அது நிற்கவில்லை. பெயரும் நிற்கவில்லை. பதில் சொன்ன ஆளை விட முடியாது என்பதால் றொபேட் அங்கிள் வருடா வருடம் கூப்பிட்டார், அம்மா வருடா வருடம் "ஓம்" என்றார். நான் இரசாயனம் படித்துத் தண்ணீர் பரிசோதிக்கும் ஆய்வுகூடத்தில் சேர்ந்தேன். அங்கிருந்து ஒரு சிறிய வெப்பப் பதிவுக் கருவியைக் கொண்டுவந்து கதவருகே தொங்கவிட்டேன். கதவின் ஓரத்தில் மெல்லிய ஒட்டுநாடா ஒட்டினேன். விடிய அது அறுபடாமல் இருந்தது. ஆனால் சத்தம் கேட்ட அதே நேரத்தில், யாரோ கதவைத் திறந்து மூடியதுபோல, வெப்பநிலை அரைப் பாகை இறங்கி ஏறியிருந்தது.

அம்மா ஓர் இரவுகூட வீட்டைவிட்டு வெளியே தங்கவில்லை. கொப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில் புரொண்பியில் இருக்கும் விக்ரோரியா சின்னம்மாவின் மகளுடைய கல்யாணத்துக்கும் போகவில்லை.

"மனுசன் களைச்சு வாற நேரம் வீட்டில ஆள் இல்லாட்டி?" என்று கேட்டார்.

இந்த வருடம் எனக்குக் கொப்பன்ஹேகனில் வேலை கிடைத்தது. சின்னம்மா தன் வீட்டு மேல்மாடியை எங்களுக்கென்று ஒழுங்குபடுத்தினார். அம்மாவைத் தனியே அந்தச் சத்தத்தோடு விட்டுவிட்டு என்னால் போக முடியாது.

றொபேட் அங்கிள் மனைவியைப் பிரிந்து, எங்களுக்கு நேர் கீழ்வீட்டில் தனியே இருந்தார். இலையுதிர் காலத்தில் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் பார்க்கப் போனபோது டேனிஷில் சொன்னார்:

"இந்த வருடம் நீ கூப்பிடு."

"என்னால் ஏலாது. நாலு பேருக்கு முன்னால் எனக்குக் குரல் வராது. அந்தோனிதாசன் மாமா கூப்பிடுவார்."

"அவன் கத்துவான். கத்தினால் யாராவது பதில் சொல்லிவிடுவார்கள். உங்கள் ஆட்களுக்கு மரியாதை கூட." சிரித்தார். பிறகு கட்டிலுக்குப் பக்கத்திலிருந்த நாற்காலியைக் காட்டினார். அது வெறுமையாக இருந்தது. "அன்றைக்கு எங்கள் சார்ஜன்ட் இவனை, டுவைட்டை, மூன்றாம் முறை கூப்பிட்டார். நான் பதில் சொல்லிவிட்டேன். வேண்டுமென்றுதான் சொன்னேன். அதிலிருந்து என்னோடுதான் இருக்கிறான். யார் பதில் சொல்கிறாரோ அவரோடுதான் போவார்கள்."

நான் என் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டேன்.

"உன் அப்பா படியேறுவது எனக்குக் கேட்கும்" என்றார். "இடது காலை இழுத்து இழுத்து. நல்ல மனிதன். ஆனால் உன் அம்மாவுக்கு நித்திரை வேண்டும்."

அப்பாவின் இடது காலில் ஷெல் துண்டு இருந்தது உண்மை. ஆனால் விடியப்புறம் பூட்டில் திறப்புத் திரும்புவதை நான் யாருக்கும் சொன்னதில்லை. படியில் நடை எனக்குக் கேட்டதே இல்லை.

அடுத்த வாரம் அவர் இறந்தார். குடியிருப்பை நடத்தும் வீட்டுக் கழகம் அவருடைய வீட்டை வெறுமையாக்கி, பூட்டையும் மாற்றியது.

ஞாயிறு மண்டபத்துக்குப் போக வெளிக்கிட்டபோது அம்மா கொப்பன்ஹேகன் ரெயின் ரிக்கற்றுகளைக் கைப்பையில் வைத்தார். மறுநாளுக்கு எடுத்தவை.

"இந்த முறை நான் வாய் திறக்கமாட்டன்" என்றார். "நீ வடிவாக் கூப்பிடு."

"ஏலுமோ அம்மா?"

"ஏலாது. ஆனால் திறக்கமாட்டன்."

மண்டபத்தில் றொபேட் அங்கிளின் நாற்காலியைச் சுவரோரம், வெப்பமூட்டிக்குப் பக்கத்தில் விட்டிருந்தார்கள். யாரும் அதில் இருக்கவில்லை. வெளியே இருட்டிவிட்டது. நான் எழும்பி நின்றேன். முதலில் அவரைக் கூப்பிட்டேன்.

"றொபேட்."

பதில் இல்லை. இரண்டாம் முறை. மூன்றாம் முறை. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அவ்வளவுதான். மற்றப் பெயர்களைத் தொடங்கினேன். வானில் அவர்கள் இருந்த வரிசை. ஒவ்வொருவராக "ஓம்" என்றார்கள். சிலர் இப்போது கைத்தடியோடு.

"ஜெபநேசன்."

எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா நிலத்தைப் பார்த்தார்.

"ஜெபநேசன்."

அம்மா கைலேஞ்சியை வாய்க்குள் திணித்துப் பற்களால் கடித்தார். அப்படியே விட்டுவிடலாம் என்று நினைத்தேன். விட்டால் நாளைக்கும் அந்தத் திறப்புத் திரும்பும்.

"ஜெபநேசன்."

அம்மா வாய் திறக்கவில்லை.

வெப்பமூட்டிப் பக்கத்திலிருந்து, மூக்கால் இழுத்து, அவசரமில்லாமல், ஒரு குரல் சொன்னது:

"ஓஓ...ம்."

பிள்ளைகள்தான் முதலில் திரும்பிப் பார்த்தார்கள். நாற்காலி வெறுமையாக இருந்தது.

"ஆரது பகிடி விடுறது?" என்று அந்தோனிதாசன் மாமா கேட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. மாமா மெதுவாகத் தன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

வேறு என்ன செய்வதென்று தெரியாமல் நான் அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா கேட்டார்.

"நான் சொல்லேல்ல. கண்டனீதானே?"

"ஓம்."

"அப்ப அது றொபேட் அண்ணைதான்."

"ஓம் அம்மா."

படியில் கீழ்வீட்டைக் கடக்கும்போது அம்மா கதவைப் பார்க்காமல் நடந்தார்.

விடியப்புறம் நான் சத்தத்துக்கு முன்னரே விழித்துவிட்டேன். அம்மா சமையலறையில் தண்ணீர் நிரப்பிய கேத்தலோடு நின்றார். இன்னும் அதைப் போடவில்லை. படியில் நடை கேட்டது. முதல் தடவையாக எனக்கும் கேட்டது. இடது கால் இழுபட்டது. மேலே வந்துகொண்டிருந்தது. அம்மா என் கையைப் பிடித்தார்.

நடை ஒரு மாடி கீழே நின்றது. பூட்டில் திறப்புத் திரும்பியது. கதவு திறந்து மூடியது. பிறகு, ஒரு தளபாடமும் இல்லாத அந்த வீட்டுக்குள், யாரோ ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்கள்.

அம்மா கேத்தலைக் கவிழ்த்துத் தண்ணீரை ஊற்றினார்.

"அங்க ரெண்டு பேர் இருக்கினம்தானே. தேத்தண்ணியை அவை போட்டுக் குடுக்கட்டும்" என்றார்.

போய்ப் படுத்துப் போர்த்துக்கொண்டார். நான் கதவருகே தொங்கிய கருவியைக் கழற்றிப் பார்த்தேன். கோடு நேராக இருந்தது.

"ரெயின் எத்தினை மணிக்குப் பிள்ளை?" என்று அம்மா அறையிலிருந்து கேட்டார். நான் பதில் சொல்லமுன் நித்திரையாகிவிட்டார்.

கீழே மேசையில் கோப்பைகள் வைக்கும் சத்தம் கேட்டது. மூன்று.