ஊற்றாத தண்ணீர்

மழை இறங்கும் சத்தம் கேட்டதும் முனியம்மாள் அடுப்பங்கரைக்கு ஓடி அன்னக்கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் அண்ணன் வரதன் படுத்திருந்த ஐஸ் பெட்டியின் தலைமாட்டுக்கு நேர் மேலேதான் அந்த இரும்புக் குழாய் இருந்தது. எந்தக் காலத்திலோ டிவி ஏரியலுக்கென்று ஒரு கொத்தனார் தளத்தையே ஓட்டை போட்டு நட்டுவிட்டுப் போனது. மழை வந்தால் அதன் அடியில் பாத்திரம் வைப்பது அந்த வீட்டு வழக்கம்.

“எடு அத,” என்றாள் வரதனின் மனைவி பவளம்.

“இன்னா அண்ணி, மூஞ்சிக்கு நேரா சொட்டுமே?”

“எடுன்றேன்ல. அவரு அடச்சிட்டாரு.”

சொல்லிவிட்டாளே தவிர, பவளத்தின் கண் அந்தக் குழாய்க்கே போயிற்று. அடைத்தது நின்றதா என்று யார் பார்த்தது?

வரதனுக்குச் சென்னைத் துறைமுகத்துப் பக்கம் பாய்மரப் படகுகளைப் பழுதுபார்க்கும் வேலை. படகின் மேல்தளத்தைத் துளைத்துப் பாய்மரம் இறங்கும் இடத்தில் ஒழுகினால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். “ஊரான் படகெல்லாம் ஒழுகாம பாத்துக்கினு கீற, சொந்த வூட்டயும் பாருய்யா” என்று அவன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் பவளத்தின் வாய் ஓயாது. இந்தத் தடவைதான் மனுஷன் மசிந்தான். நேற்றுக் காலையிலேயே மாடியேறிப் பழைய சிமெண்டைக் கொத்தி எறிந்தான்.

“காத்துல பாய்மரம் ஆடும், தளம் ஆடாது. இந்தக் கொயாயும் அப்டித்தான். சிமெண்டு வெச்சா விண்டு பூடும். ரப்பர்னா கூடவே ஆடும்,” என்று மேலிருந்தே பாடம் நடத்தினான். பழைய சைக்கிள் டியூபை வெட்டிக் குழாயைச் சுற்றி, கிளாம்பு போட்டு இறுக்கி, பசை பூசினான். அது காயும்வரை இறங்கி வந்து டீ குடித்துவிட்டு, பக்கெட் தண்ணீரும் சொம்புமாக மறுபடி மாடிக்குக் கிளம்பினான்.

“பவளம், அடியில நில்லு. நா மேலேர்ந்து ஒவ்வொரு சொம்பா ஊத்தறேன். சொட்டுனாலும் கொரல் குடு, சொட்டாட்டியும் குடு.” படகிலும் அப்படித்தானாம், ஒருவன் மேலே, ஒருவன் உள்ளே.

அண்ணாந்து நின்றாள். ஒரு சொட்டு இல்லை.

“வரலய்யா!”

பதில் இல்லை.

“வரலய்யா, ஜெயிச்சிட்ட!”

அதற்கும் இல்லை. ரொம்பத்தான் பிகு பண்ணுகிறான் என்று சிரித்துக்கொண்டே தோசை வார்க்கப் போனாள். தட்டோடு மாடியேறியபோது பக்கெட்டில் தண்ணீர் தளும்பத் தளும்ப அப்படியே இருந்தது. சொம்பு நனையவே இல்லை. மார்பைப் பிடித்தபடி அவன் குழாயடியில் கிடந்தான்.

ஊற்றாத தண்ணீருக்குத்தான் அவள் வரல, வரல என்று கத்தியிருக்கிறாள். அங்கே அவன் உயிர் போய்க்கொண்டிருந்தபோது இவள் இங்கே சிரித்திருக்கிறாள். நேற்றிலிருந்து அந்தச் சிரிப்புதான் அவளை அறுத்துக்கொண்டிருந்தது.

மழை வெளுத்து வாங்கியது. வாசலில் இருந்தவர்களெல்லாம் உள்ளே வந்து நெருக்கியடித்தார்கள். பவளம் எழுந்து தலைமாட்டில் போய் நின்றாள். குழாயைச் சுற்றிப் பழைய கறை வட்டமாகத் தெரிந்தது. கடைசியாகச் செய்த வேலையில் அவனுக்குக் கெட்ட பேர் வந்துவிடக் கூடாதே என்று கழுத்து நோகப் பார்த்தாள். கால் மணி ஆயிற்று, அரை மணி ஆயிற்று. அழுதுகொண்டிருந்த பெண்களும் அழுகையை விட்டு அவளோடு அண்ணாந்தார்கள்.

கறை காய்ந்தே இருந்தது.

குனிந்து, பெட்டியின் கண்ணாடி மூடிக்கு வெகு அருகில் வாயைக் கொண்டுபோய், “வரலய்யா,” என்றாள்.

மூச்சுப் பட்டு அவன் முகத்துக்கு மேலே கண்ணாடி மங்கியது. முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி அண்ணாந்து நின்றாள்.